பாட்டியைப் புதைத்த நிலத்தின் புல எண் என்ன?

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தங்கள் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. நாட்டில் நிகழும் ஒவ்வோர் இறப்பும் இனி ஒரே தேசியத் தரவுத்தளத்தில் சேரும். வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை ஆகியவற்றைப் பராமரிக்கும் துறைகளுக்கும் அத்தரவு கிடைக்க வழி செய்யப்பட்டிருக்கிறது. இறந்தவரின் பெயரைப் பட்டியல்களிலிருந்து விரைந்து நீக்க அரசு இப்போது நன்றாகவே தயாராகிவிட்டது. நாம் இங்கே எழுப்பும் கேள்வி அதற்கு நேரெதிரானது. தருமபுரி மாவட்டத்துக் காலனி ஒன்றைச் சேர்ந்த தலித் குடும்பம், 'எங்கள் பாட்டி எந்த ஆண்டில் இறந்தார், எந்த நிலத்தில் புதைக்கப்பட்டார்?' என்று அதே அரசைக் கேட்டால், அரசின் கையில் என்ன காகிதம் இருக்கிறது?

பெரும்பாலும் இருக்காது. அல்லது ஒரு பாதி ஓர் அலுவலகத்திலும் மறுபாதி வேறோர் அலுவலகத்திலும் கிடக்கும். இரண்டையும் இணைக்கும் நூல் எங்கும் இருக்காது. இது வெறும் குடும்பப் பாசம் சார்ந்த கவலை என்று ஒதுக்கிவிடத்தக்கதன்று. மயானத்துக்கான பாதை மறிக்கப்படும்போதும், மயான நிலம் தனியார் பட்டாவுக்குள் போய்விட்டதாகச் சொல்லப்படும்போதும், 'இது உங்கள் இடம் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்பதே வட்டாட்சியர் அலுவலகத்தின் முதல் கேள்வி. அந்த மண்ணுக்குள் இருப்பவர்களே நம்முடைய ஆதாரம். அவர்களுடைய பெயரும் ஆண்டும் எழுத்தில் இல்லையென்றால் அந்த ஆதாரம் நம் கையில் இருந்தும் இல்லாததுதான். ஆகவே ஒரு மூதாதையின் புதைவிடத்தைத் தேடுவது நில உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதி என்பதே இக்கட்டுரையில் நாம் முன்வைக்கும் கருத்து.

படிவத்தில் இல்லாத கேள்வி

இறப்பைப் பதிவு செய்வதற்கான படிவம் 2, இறந்தவரின் பெயர், பாலினம், வயது, தந்தை அல்லது கணவர் பெயர், நிரந்தர முகவரி, இறந்த நாள், இறந்த இடம் ஆகியவற்றைக் கேட்கிறது. புள்ளிவிவரப் பகுதியில் மதம், தொழில், இறப்பதற்கு முன் கிடைத்த மருத்துவ உதவி ஆகியவற்றைக் கேட்கிறது. புகையிலைப் பழக்கம் இருந்ததா, மதுப் பழக்கம் இருந்ததா, பாக்கு மெல்வாரா என்றுகூடக் கேட்கிறது. ஆனால் உடல் எங்கே அடக்கம் செய்யப்பட்டது என்று அது கேட்பதில்லை. அதற்கென ஒரு கட்டம் அப்படிவத்தில் இல்லை. எனவே முறையாகப் பதிவு செய்யப்பட்ட இறப்பிலிருந்தும் புதைவிடத்தைக் கண்டறிய முடியாது.

இவ்வளவுக்கும் புதைவிடத்தைச் சட்டம் அறியாததன்று. இறப்பைப் பதிவாளருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்களின் வரிசையில், இறந்தோர் உடலை அடக்கம் செய்ய ஒதுக்கப்பட்ட இடத்தின் காப்பாளரையும் உரிமையாளரையும் அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு வைத்திருக்கிறது. நகராட்சி மயானத்தில் அப்படியொருவர் இருப்பார். கையில் பதிவேடும் இருக்கும். ஓடைக்கரைப் புறம்போக்கில் இருக்கும் காலனி மயானத்துக்குக் காப்பாளர் யார்? உரிமையாளர் யார்? வேலியும் வாயிலும் இல்லாத அந்த நிலத்தில் சட்டம் தேடும் அந்த மனிதர் ஒருநாளும் அமர்த்தப்பட்டதில்லை.

இரண்டாவது சிக்கல், இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் அது பதிவு செய்யப்படும் என்னும் விதி. பென்னாகரம் வட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தால், மருத்துவமனை அமைந்துள்ள பகுதியின் பதிவேட்டில்தான் அவர் பெயர் ஏறும். அவர் புதைக்கப்பட்ட கிராமத்தின் பதிவேட்டில் அவர் இல்லை. தருமபுரியிலிருந்து பெங்களூருவின் கட்டட வேலைக்குச் சென்று அங்கே இறந்தவரின் நிலை இன்னும் விசித்திரமானது. இறப்பு கர்நாடக மாநிலப் பதிவேட்டில். உடல் தமிழ்நாட்டு மண்ணில். கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று 'பதிவு இல்லை' என்ற பதிலோடு திரும்பும் குடும்பங்கள் இந்த ஒரு விதியை அறிந்திருந்தால் தேடலை வேறிடத்தில் தொடங்கியிருக்கக்கூடும்.

சேலத்தில் கிடக்கும் தருமபுரி

தேடுவது பழைய இறப்பு என்றால் மாவட்டத்தின் வரலாற்றையும் சற்று அறிந்திருக்க வேண்டும். தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய வருவாய் ஆவணங்களை 'தருமபுரி' என்ற தலைப்பில் தேடினால் கிடைக்காது. அவை சேலம் மாவட்டத்தின் பெயரில் இருக்கும். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஆகவே 1965க்கும் 2004க்கும் இடையில் இன்றைய கிருஷ்ணகிரிப் பகுதியில் நிகழ்ந்தவை தருமபுரியின் பெயரில் இருக்கலாம்.

சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டிலேயே பிறப்பு, இறப்புப் பதிவுக்குத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. கிராமங்களில் அப்பதிவு கிராம முன்சீப்பின் கையில் இருந்தது. முன்சீப், கர்ணம் ஆகிய பதவிகள் 1980ஆம் ஆண்டின் இறுதியில் ஒழிக்கப்படும் வரை பெரும்பாலும் பரம்பரையாக ஆதிக்கச் சாதிக் குடும்பங்களிடமே இருந்தவை. சேரியில் நிகழ்ந்த ஒரு சாவு பதிவேட்டில் ஏற வேண்டுமென்றால், சேரியிலிருந்து ஒருவர் ஊருக்குள் சென்று முன்சீப்பின் வீட்டு வாசலுக்கு வெளியே நின்று அதைச் சொல்ல வேண்டும். நிலம் உள்ளவருக்குப் பட்டா மாற்றத்துக்காக அந்தப் பதிவு தேவைப்பட்டது. ஓய்வூதியம், காப்பீடு உள்ளவருக்கும் தேவைப்பட்டது. நிலமற்ற கூலிக்கு அதனால் என்ன பயன்? கேட்பாரில்லாத சாவு எழுதுவாரில்லாத சாவாகவும் ஆனது. இறப்புப் பதிவேடு சொத்தின் நிழலாகவே வளர்ந்தது. சொத்து இல்லாதவர்மீது அந்த நிழல் விழவில்லை.

இருந்தாலும் தேடாமலேயே 'எதுவும் இருக்காது' என்று முடிவு செய்துவிடக் கூடாது. சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி எவரும் கட்டணம் செலுத்தி இறப்புப் பதிவேட்டில் தேடச் சொல்லலாம்; பதிவின் நகலைப் பெறலாம். இறப்பின் காரணம் மட்டும் அந்த நகலில் தரப்படாது. கிராமங்களின் பழைய பதிவேடுகளை வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்க வேண்டும். சரியான தேதி தெரியாதபோது, 'பெரியண்ணன் பிறந்த அடுத்த வருடம்', 'எம்.ஜி.ஆர். முதல்வரான வருடம்' என்று வீட்டார் சொல்லும் கணக்கிலிருந்து முன்பின் சில ஆண்டுகளைக் குறிப்பிட்டுத் தேடச் சொல்ல வேண்டும். ஒரே காலனியில் ஒரே பெயரில் பலர் இருப்பதால் தந்தை அல்லது கணவரின் பெயரும், வீட்டில் அழைத்த பெயரும், பள்ளியிலோ குடும்ப அட்டையிலோ இருந்த பெயரும் வேண்டும். தேடியும் கிடைக்கவில்லையென்றால், பதிவு இல்லை என்னும் சான்றைப் படிவம் 10இல் எழுத்துபூர்வமாகப் பெற வேண்டும். வாய்மொழியாகச் சொல்லப்படும் 'இல்லை' என்பதால் ஒரு பயனும் இல்லை. எழுத்தில் வாங்கிய 'இல்லை', தாமதப் பதிவுக்கான முதல் ஆவணமாகிவிடும். ஓராண்டு கடந்த இறப்புகளைப் பதிய முன்பு நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், ஆட்சியரால் அதிகாரமளிக்கப்பட்ட நிர்வாக நடுவர் ஆகியோரிடம் வந்துள்ளது.

கிறித்தவக் குடும்பங்களுக்கு இன்னொரு வாயில் உண்டு. ஒவ்வோர் அடக்கத்தையும் பங்கின் இறந்தோர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. தருமபுரி மறைமாவட்டம் சேலத்திலிருந்து 1997இல்தான் பிரிந்தது என்பதால் இங்கும் தேடல் சேலம் வரை செல்ல நேரலாம். ஆனால் திருச்சபையின் பதிவேட்டில் இடம் கிடைத்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்திலும் சமமான இடம் கிடைத்தது என்று கொள்ள முடியாது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறித்தவர்களைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவர் அதற்குச் சான்று.

சாவுச் செய்தியைச் சுமந்தவர்கள்

புதைவிடத்துக்கு அடுத்தபடியாக நாம் தேடுவது இரங்கற் குறிப்பு. எழுத்தில் உள்ள இரங்கற் குறிப்புக்குத் தருமபுரி மண்ணில் 1,400 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் கிடைத்துள்ள பல்லவர் கால நடுகற்கள், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், எந்தப் பூசலில் பட்டான், அவன் பெயர் என்ன என்பதை நான்கைந்து வரிகளில் சொல்லிவிடுகின்றன. அவற்றில் சிலவற்றைத் தருமபுரி நகரிலுள்ள அகழ்வைப்பகத்தில் இன்றும் காணலாம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. மகேந்திரவர்மன் காலத்து அக்கல்லில், வீரனோடு நின்று காவல் காத்த நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். ஏழாம் நூற்றாண்டின் நாய் ஒன்றுக்குப் பெயரும் இடமும் காலமும் இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் இறந்த நம் பாட்டிக்கு மூன்றும் இல்லை. கல் இல்லாத குறையன்று அது. நினைக்கத் தகுந்தவர் யார் என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதன் விளைவு.

இன்னொரு முரணையும் நாம் மறக்கலாகாது. ஊரில் ஒரு சாவு விழுந்தால் உறவினர் கிராமங்களுக்கு நடந்து சென்று துக்கம் சொல்வதும், பறையடிப்பதும், குழி வெட்டுவதும், பிணம் எரிப்பதும் தலித்துகள்மீது சாதியக் கடமையாகத் திணிக்கப்பட்டன. ஊராரின் இரங்கற் செய்தி தலித்தின் கால்களில்தான் பயணம் செய்தது. யாரை எங்கே புதைத்தார்கள் என்னும் அறிவும் வெட்டியானிடமே இருந்தது. ஊருக்கெல்லாம் நினைவுப் பதிவேடாக இருந்தவரின் சொந்த வீட்டுச் சாவுக்கு நடந்து சென்று செய்தி சொல்ல எவரும் இல்லை. சாதியின் பெயரால் குழி வெட்டச் செய்வதும் பிணம் சுமக்கச் செய்வதும் இன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். அத்தொழிலைக் கைவிட்டது விடுதலை. அதில் எந்த ஐயமும் இல்லை. ஆனால் அந்த முதியவர்களோடு அவர்களின் நினைவில் இருந்த மயானத்தின் வரைபடமும் மறைந்துகொண்டிருக்கிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இன்று நம் காலனிகளிலும் 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டிகளும் ஃபிளெக்ஸ் பதாகைகளும் உண்டு. பெயர், படம், மறைந்த நாள், உறவினர் பட்டியல் என அனைத்தும் அதில் இருக்கும். பதினாறாம் நாள் காரியத்துக்குள் அது மழையில் கிழிந்துவிடும். நாளிதழ்களில் கட்டணம் செலுத்தி வெளியிடப்படும் நினைவஞ்சலிகள் நூலகத்தில் தங்கிவிடுகின்றன. சுவரொட்டிகள் எங்கும் தங்குவதில்லை. நமக்கான அச்சு இரங்கல்களைத் தேட வேண்டுமென்றால் சாதிக்கு எதிராக நின்ற இதழ்களின் பழைய தொகுப்புகளையும் கட்சி, சங்க, தொழிற்சங்க மலர்களையும் புரட்ட வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசா தமிழ'னைத் தொடங்கிய காலத்தில் அவருடைய பௌத்த இயக்கத்துக்கு வலுவான கிளைகள் இருந்த கோலார் தங்கவயலில் வேலை செய்யச் சென்ற குடும்பங்கள் இந்தப் பகுதிகளிலும் உண்டு. அவர்களின் முன்னோரைத் தேடுவோர் எல்லை தாண்டித் தங்கவயலின் ஆவணங்களையும் பார்த்தாக வேண்டும்.

எப்போது நம் சாவு எழுதப்படுகிறது?

தலித்துகளின், பழங்குடியினரின் இறப்பு இந்த மாவட்டத்தில் விரிவாக எழுதப்பட்ட தருணங்கள் இல்லாமலில்லை. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய தலித் குடியிருப்புகள் தீக்கிரையாக்கப்பட்டன. அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட சாதி மறுப்புத் திருமணத்தின் மணமகன் இளவரசன், 2013 சூலை 4 அன்று தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்புறமுள்ள தண்டவாளத்தின் அருகே பிணமாகக் கிடந்தார். உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் மறு உடற்கூறாய்வு செய்தனர். சூலை 14 அன்று பலத்த காவலின் நடுவே நத்தத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். நீதியரசர் சிங்காரவேலு தலைமையில் விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது. இறந்த நாள், இடம், அடக்கம் செய்த நாள், இடம் என அனைத்துக்கும் காகிதம் இருக்கும் சாவு அது. அந்தக் கல்லறைக்கு எல்லோரும் தடையின்றிச் செல்ல முடிந்ததா? அடுத்த ஆண்டு நினைவு நாளையொட்டித் தடையுத்தரவு போடப்பட்டது. புதைவிடம் அறியப்பட்ட பின் அங்கே நின்று நினைவுகூரும் உரிமை அடுத்த போராட்டமாகிறது.

அரூர் வட்டத்து வாச்சாத்தி இன்னொரு பாடம். 1992 சூன் 20 அன்று அப்பழங்குடிக் கிராமத்தின்மீது வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் நடத்திய வன்முறைக்காக 269 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023இல் அதே நாளில், சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அவர்களில் இறந்துபோனவர்களின் குடும்பத்தினருக்கும் அந்த இழப்பீடு உரியது. குற்றம் சாட்டப்பட்டவர் இறந்தால் வழக்கு அவரைப் பொறுத்தவரை முடிந்துவிடுகிறது. ஆகவே அந்த 54 இறப்புகளை வழக்கின் கணக்கு தவறவிடவில்லை. பாதிக்கப்பட்டவர் இறந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றைக் கொண்டுவரும் சுமை ஏழைக் குடும்பத்தின் தோளில் ஏறுகிறது. வழக்கு முப்பது ஆண்டுகள் நடக்கும் நாட்டில், நீதி வந்து சேரும் நாளில் அதைப் பெற்றுக்கொள்ள இறந்தவரின் காகிதமும் உயிரோடு இருந்தாக வேண்டும்.

மயானத்தின் காகிதம்

இனி நிலத்துக்கு வருவோம். இறப்புப் பதிவேடு புதைவிடத்தைச் சொல்லாது என்பதால், மயானம் எந்தப் புல எண்ணில் இருக்கிறது என்பதை வருவாய்த்துறை ஆவணத்தில் தனியே தேட வேண்டும். கிராமத்தின் 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணின் பரப்பும் வகைப்பாடும் இருக்கும். அரசின் இணையவழிச் சேவையில் அதன் பகுதியை எவரும் பார்க்கலாம். மயானப் புறம்போக்கு என்று நேராக எழுதப்பட்டிருந்தால் நல்லது. பல இடங்களில் நாம் தலைமுறைகளாகப் புதைத்துவரும் நிலம் ஓடைப் புறம்போக்கு, மேய்க்கால், தரிசு என்று எழுதப்பட்டிருக்கும். சில இடங்களில் எவரோ ஒருவரின் பட்டாவில் இருக்கும். அப்போது நம் முன்னோரின் மண்ணே ஆக்கிரமிப்பு என்று அழைக்கப்படும் ஆபத்து உண்டு.

யு.டி.ஆர். என்று அலுவலகங்களில் வழங்கும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979 முதல் நடைபெற்றது. இன்றைய 'அ' பதிவேடு அதிலிருந்து பிறந்தது. அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் ஒன்றாகவும் யு.டி.ஆர். பதிவேட்டில் வேறொன்றாகவும் இருந்தால், திருத்தம் கோரி மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுச் செய்யலாம். பழைய பதிவேட்டின் நகலை மாவட்டப் பதிவறையிலும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். பஞ்சமி நில மீட்புப் போராட்டம் நமக்குக் கற்றுத்தந்த வழி இதுதான். மேலும், தலித்துகளின் வீட்டுமனை, மயானம், மயானப் பாதை ஆகியவற்றுக்கு நிலம் எடுப்பதற்கென 1978ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் இயற்றியது. அதன்படி நிலம் எடுக்கப்பட்டிருந்தால் மாவட்ட அரசிதழ் அறிவிக்கையில் புல எண்ணும் பரப்பும் இருக்கும். எடுக்கப்பட்ட நிலம் பதிவேட்டில் ஏறாமலே கிடக்கிறதா என்பதை அந்த அறிவிக்கையோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

இங்கேதான் பாட்டியின் இறப்புப் பதிவு நமக்குத் துணை நிற்கிறது. 1974இல் இறந்தார் என்னும் ஒரு பதிவும், அவரை இந்த ஓடைக்கரையில்தான் புதைத்தோம் என்னும் முதியவர்களின் எழுத்துபூர்வமான வாக்குமூலமும், அந்த இடத்தின் புல எண்ணும் ஒன்றாகச் சேர்ந்தால், 1979க்கு முன்பே அந்நிலம் மயானமாகப் பயன்பட்டது என்பதற்கு ஓர் ஆவணம் உருவாகிறது. அப்படி இருபது குடும்பங்கள் சேர்ந்தால் எந்த அலுவலகமும் எளிதில் தள்ளிவிட முடியாத வழக்காகிறது. தனித்தனிக் குடும்பத்தின் துக்கம் ஊர்ப் பொதுவான உரிமையாக மாறும் புள்ளி இது.

இந்த ஆவணம் இல்லாதபோது என்ன நேரும் என்பதை 2019 ஆகஸ்டில் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில் கண்டோம். மயானத்துக்குச் செல்லும் வழி ஆதிக்கச் சாதியினரின் நிலங்களின் வழியே மறிக்கப்பட்டதால், இறந்த தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காணொளி பரவிய பின்னரே உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது. அதன் பின்னரே மயானத்துக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. இடுகாட்டையும் சுடுகாட்டையும் பிறரோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி குற்றம். அத்திருத்தம் 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் புகார் மனுவில் 'எந்த மயானம், எந்தப் பாதை' என்பதைப் புல எண்ணோடு எழுத முடியாதபோது, குற்றம் பாதைத் தகராறாகச் சுருங்கிவிடுகிறது.

ஒரு மறுப்புக்கு நம் பதில்

'சாதிக்கொரு மயானம் என்பதையே ஒழிக்க வேண்டும் என்று கோரும் நாம், காலனி மயானத்துக்குத் தனிப் பதிவேடு கேட்பது முரண் அல்லவா?' என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. அரசே ஆதிதிராவிடர் மயானம் என்று தனியே ஒதுக்குவது, தீண்டாமையை அரசு செலவில் பராமரிப்பதாகிவிடும் என்பதை நாமும் ஏற்கிறோம். பொது மயானமே நம் இலக்கு. ஆனால் இன்றைய மயானம் எவ்வளவு பரப்பு, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பது எழுத்தில் இல்லாமல் பொது மயானம் என்று ஆணை வந்தால், கைவிடப்பட்ட புறம்போக்கு என்று நம் முன்னோரின் நிலம் போய்விடும். பொது மயானத்தின் வாயிலில் பழைய தடை அப்படியே நிற்கும். கையிலிருப்பதைக் கணக்கில் ஏற்றிய பின்னரே பொதுவை நோக்கி நடப்பது பாதுகாப்பானது.

'இறந்தவருக்குப் பதிவேடு ஏன், வாழ்பவருக்கே ஆயிரம் குறைகள் இருக்கின்றனவே' என்பது இன்னொரு மறுப்பு. உலகின் அனுபவம் வேறுவிதமாகச் சொல்கிறது. சேலம் உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குச் சென்ற உழைப்பாளிகளின் சந்ததியினர் பலர், 1942–43இல் சயாம்–பர்மா ரயில் பாதையில் மாண்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ ஏழாயிரம் பேருக்குத் தனித்தனிக் கல்லறைகள் இருக்கின்றன. அதே பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பெயர் பொறித்த அத்தகைய வரிசை இல்லை. அந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் தன் சொந்த வரலாற்றை ஆராய்ந்து, முதல் உலகப் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பு கோரியது. நூறு ஆண்டுகள் கழிந்தும் பட்டியல் திருத்தப்பட வேண்டும் என்று உலகம் நினைக்கிறது. பத்து வட்டாட்சியர் கோப்புகளுக்குள் அடங்கிவிடும் நம் கணக்கை நாம் ஏன் விட்டுவிட வேண்டும்?

செய்ய வேண்டியவை

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 15 லட்சத்துக்கு மேல்; அதில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் பட்டியல் சாதியினர். இத்தனை குடும்பங்களின் மறைந்தோர் கணக்கை எந்தத் துறையும் தானாக முன்வந்து எழுதப் போவதில்லை. கல்லூரி மாணவர்கள் ஒவ்வொரு காலனியிலும் ஒரு மறைந்தோர் பதிவேட்டைத் தொடங்கலாம். பெயர், அழைப்புப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், தாயின் பெயர், இறந்த ஆண்டு, இறந்த இடம், இறப்பு எங்கே பதிவாகியுள்ளது, புதைத்த இடத்தின் புல எண், அருகில் உள்ள அடையாளம், அதைச் சொன்ன முதியவரின் பெயர், சொன்ன தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். பெண்களை 'இன்னாரின் மனைவி' என்று மட்டும் எழுதி முடித்துவிடக் கூடாது. கிழிவதற்கு முன் ஒவ்வொரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியையும் படமெடுத்து, தேதியிட்டுச் சேர்த்துவைக்க வேண்டும். எழுபது வயதைக் கடந்தவர்களிடமிருந்து இந்தப் பணியைத் தொடங்க வேண்டும். அவர்களிடம் இருப்பதற்கு நகல் கிடையாது.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் மூன்று. இறப்பு அறிக்கைப் படிவத்தில் அடக்கம் செய்த இடத்தைக் குறிக்கும் கட்டம் சேர்க்கப்பட வேண்டும். ஒவ்வொரு ஊராட்சியும் தன் எல்லைக்குள் இருக்கும் அனைத்து மயானங்களின் புல எண், பரப்பு, பாதை ஆகியவற்றை அளந்து வெளியிட வேண்டும். மயான இடங்களை ஒழுங்குபடுத்த 1999ஆம் ஆண்டிலேயே ஊராட்சிகளுக்கு விதிகள் வகுக்கப்பட்டிருப்பதால் இது புதிய சுமையன்று. வகைப்பாடு தவறாக உள்ள காலனி மயானங்களை மாவட்ட நிர்வாகமே கண்டறிந்து திருத்த வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அடுத்த கூட்டத்தில், நம் ஊராட்சியின் மயானப் புல எண்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதக் கோரும் மனுவோடு ஒவ்வொரு காலனியிலிருந்தும் ஒருவராவது எழுந்து நிற்கட்டும். தீர்மானத்தின் நகலை முத்திரையோடு வாங்கிக்கொண்டு வெளியே வரட்டும். அந்த ஒரு தாள் நாளை பாதை மறிக்கப்படும்போது பிணத்தோடு வெயிலில் காத்திருக்கும் குடும்பத்தின் கையில் இருக்கும்.